கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவள்

2024 ஜனவரிக் கடைசியில் எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் மூன்று நாளாக ஒரே வழக்கு. இங்கிலாந்துக் கால்பந்து வீரன் மார்க்கஸ் ரஷ்போர்ட் பெல்பாஸ்ட் நகரத்து இரவு விடுதிக்குப் போனான். அடுத்த நாள் சுகமில்லை என்று சொல்லிப் பயிற்சிக்கு வராமல் நின்றான். நியூபோர்ட் அணிக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் மன்செஸ்டர் யுனைடெட் அவனை இறக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானைத் தாண்டி இருக்கும் அந்தக் கடையின் இரண்டு வாங்குகளிலும் இடம் போதாமல், சிலர் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றியபடியே நின்று அதை விசாரித்தார்கள்.

ஓய்வுபெற்ற தபால்கார ஐயாதான் எப்போதும் தீர்ப்புச் சொல்பவர். "சுகமில்லை என்று பொய் சொல்லிவிட்டுக் கூத்தடிக்கப் போனவனை என்னுடைய காலத்தில் என்றால் வேலையால் நிறுத்தியிருப்பார்கள்" என்றார். பெரும்போக அறுவடைக்கு இயந்திரம் கொண்டுவந்திருந்த சாரதி, அவ்வளவு பணம் வாங்குகிறவனுக்கு நன்றி வேண்டாமா என்று கேட்டார். கடைக்கார மாமா பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "குடிக்கிறவன் எப்படி ஓடுவான், சொல்லுங்கள்" என்றார். எங்கள் கழகத்துப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் ரஷ்போர்ட்டின் பக்கம் நின்றார்கள். 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்து அரசாங்கத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சீட்டுக் கொடுக்க வைத்தவன் அவன். அரசாங்கம் முதலில் முடியாது என்றது. கடிதம் வந்த மறுநாளே பணிந்தது. 13 இலட்சம் பிள்ளைகள் அளவில் அதனால் பயன்பெற்றார்கள். "அவனும் பசித்த வீட்டுப் பிள்ளைதான், ஐயா" என்று ஒரு பையன் சொன்னான். ரஷ்போர்ட்டின் தாய் பல வேலைகள் செய்து பிள்ளைகளை வளர்த்தவர் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளை எங்கள் ஊரிலும் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ஐயா உடனே பதில் சொல்லவில்லை. ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை.

பெப்ரவரி 1ஆம் திகதி வுல்வ்ஸ் அணியுடனான ஆட்டம். ஐந்தாவது நிமிடத்திலேயே ரஷ்போர்ட் கோல் அடித்தான். மன்செஸ்டர் 4-3 என்று வென்றது. அடுத்த நாள் கடையில் யாரும் பெல்பாஸ்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு அப்போது இயல்பாகத்தான் இருந்தது. இப்போது அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ஆட்டக்காரர் என்ன சாப்பிடுகிறார், ஊருக்கு வந்தால் யாருடைய வீட்டு விறாந்தையில் இருக்கிறார், தோற்ற நாளில் யாருடன் பேசுகிறார் என்பதைக் கேட்பதில் எங்கள் ஊருக்கு ஒரு தாகம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் கழகத்தின் பழைய அணிப் படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், கையில் அகப்பட்டதோடு நடந்தவர்கள் நாங்கள். படச் சட்டத்தை யார் தூக்குவது? அந்தப் படங்களில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அவர்கள் அடித்த கோல்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. எங்களிடம் மிஞ்சியிருப்பவை வேறு. ஒருவர் ஆட்டத்துக்கு முன் தயிர் விட்ட பழஞ்சோறு மட்டும்தான் சாப்பிடுவார். இன்னொருவர் இரவல் வாங்கிய காலணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார். இன்னொருவர் தன்னிடம் மூன்று கோல் வாங்கிய எதிரணிக் கோல் காப்பாளரை அன்று இரவே வீட்டுக்குக் கூட்டிவந்து தாயின் கையால் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட வைத்தார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அவர்களை வைத்திருக்கிறோம். அதனால் தூர தேசத்து வீரர்களின் வீட்டு வாசலையும் நாங்கள் எட்டிப் பார்ப்பதை வெறும் வம்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

மழை பெய்து வேலை இல்லாத நாள்களில் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கதைகள் இரண்டு உண்டு. ஒன்று பிரான்ஸ் வீரர் என்கோலோ கான்டேயுடையது. உலகக்கிண்ணம் வென்று இரண்டே மாதம். 2018 செப்டெம்பரில் லண்டனில் ஆட்டம் முடிந்து பாரிஸ் போகும் ரயிலைத் தவறவிடுகிறார். பக்கத்துப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார். அங்கே கண்ட ரசிகர் ஒருவர் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். முன்பின் தெரியாத அந்த வீட்டுக்குப் போய்க் கோழிக்கறியோடு சாப்பிட்டு, அவர்களோடு வீடியோ விளையாட்டு விளையாடி, தொலைக்காட்சியில் அன்றைய ஆட்டங்களின் தொகுப்பையும் பார்த்துவிட்டுப் போகிறார். கடைக்கார மாமாவுக்கு இந்தக் கதையில் ஒரு சந்தேகம் மட்டும் இன்றும் தீரவில்லை: கறி உறைப்பாக இருந்திருக்குமே, அந்த மனிதன் எப்படிச் சாப்பிட்டான்?

மற்றது திதியே ட்ரோக்பாவுடையது. 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி சூடானில் வென்று ஐவரி கோஸ்ட் முதல் தடவையாக உலகக்கிண்ணத்துக்குத் தெரிவாகிறது. நாடு இரண்டாகப் பிரிந்து யுத்தத்தில் கிடக்கிறது. உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சிக் கமராவின் முன் அணியோடு முழந்தாளிட்டு, ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று மன்றாடுகிறான். 2007 ஜூனில் கிளர்ச்சியாளர்களின் நகரமான புவாக்கேயில் தேசிய அணி மடகாஸ்கருடன் ஆடி 5-0 என்று வெல்கிறது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் எங்கள் கடையில் யாரும் மேற்கொண்டு எதையும் சொல்வதில்லை. மாமா கண்ணாடிக் குவளைகளை எடுத்துக் கழுவத் தொடங்குவார்.

இப்படிப் பேசுகிற இடத்தில்தான் 2024 மார்ச்சில் பிரேஸில் வீரன் ரொபின்ஹோவின் பெயர் வந்தது.

அந்த மாதம் 21ஆம் திகதி பிரேஸிலின் சாந்தோஸ் நகரத்தில் பொலிஸார் அவனைக் கைது செய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் நடந்தது 2013 ஜனவரியில். ஏ.சி. மிலான் அணிக்கு அவன் ஆடிக்கொண்டிருந்த காலம். மிலான் நகரத்து இரவு விடுதியில் தன் பிறந்தநாளைக் கொண்டாட வந்த 23 வயது அல்பேனியப் பெண்ணை அவனும் வேறு சில ஆண்களும் சேர்ந்து வன்புணர்ந்தார்கள் என்று 2017இல் இத்தாலிய நீதிமன்றம் தீர்ப்பளித்து அவனுக்கு 9 ஆண்டுச் சிறை விதித்தது. 2022 ஜனவரியில் இத்தாலியின் அதியுயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவன் மறுத்துக்கொண்டே இருந்தான். பிரேஸில் தன் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதில்லை என்பதால் சொந்த ஊரில் சுதந்திரமாகத் திரிந்தான். தண்டனையை பிரேஸிலிலேயே அனுபவிக்க வேண்டும் என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உள்ளே போனான். பொலிஸார் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களில் அந்தப் பெண்ணைப் பற்றி அவன் சிரித்துக்கொண்டு பேசியிருந்தான். அதுவும் சாட்சியாக இருந்தது.

எங்களுக்கு அவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 2010 ஜூலை 2ஆம் திகதி இரவு. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூரைக்குத் தகரம், சுவருக்கு நிவாரணத் தறப்பாள். மைதானத்தின் ஒரு பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் கட்டிய சிவப்பு நாடா இன்னும் கழற்றப்படவில்லை. மின்சாரம் இல்லை. வவுனியாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியை வாடகை ஜெனரேற்றரில் இணைத்து, பிரேஸில் - நெதர்லாந்து உலகக்கிண்ணக் காலிறுதியைப் பார்த்தோம். ஒரு பனங்குற்றியில் நான்கு பேர் இருந்தோம். பத்தாவது நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து பிலிப்பே மெலோ நெதர்லாந்தின் தடுப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு பந்தைக் கொடுத்தான். ரொபின்ஹோ ஓடிவந்து அதை நிறுத்தாமலே தட்டிக் கோலாக்கினான். ஒரு கணம் நாங்கள் சத்தம் போடவில்லை. இராணுவக் காவலரண் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கத்தலாமா என்று தெரியவில்லை. பிறகு தபால்கார ஐயாதான் முதலில் கையைத் தட்டினார். அதன் பின் எல்லோரும் கத்தினோம். பெண்களும் பிள்ளைகளும் கொட்டில்களுக்கு வெளியே வந்து என்னவென்று பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு நாங்கள் சேர்ந்து எழுப்பிய முதல் சத்தம் அது. இரண்டாம் பாதியில் ஸ்னைடர் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டான், பிரேஸில் 2-1 என்று தோற்றது. ஆனால் அந்தக் கோல் எங்களோடு இருந்துவிட்டது.

சந்தோஷம் தந்தவனுக்கு எதிராக வாயைத் திறப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இரவைச் சொன்னேன்.

ரொபின்ஹோவின் வழக்கு கடையில் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. ஒருவர், அது பழைய கதை என்றார். இன்னொருவர், அந்தப் பெண் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள் என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் ரஷ்போர்ட்டை மூன்று நாள் கூண்டில் ஏற்றி வைத்த அதே வாய்கள். அப்போது எங்கள் அணியின் பத்தாம் இலக்கக்காரன் கடைசி வாங்கில் இருந்தான். அவனுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனைப் போல் இரண்டு காலாலும் பந்தை அடக்கக்கூடியவன் கிடையாது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அது அவனுடைய சொந்த விஷயம், அண்ணை. எங்களுக்கு ஆட்டம்தானே வேண்டும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் குவளையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஏனென்றால் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் 2023 ஓகஸ்ட் மாதத்து அரையிறுதி ஆட்டம் நினைவிருந்தது.

அன்று அயலூர் மைதானத்தில் கோயில் திருவிழாவை ஒட்டிய சுற்றுப்போட்டி. இடைவேளை முடிந்து அணிகள் இறங்கும் நேரம். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்கு அவனுடைய மனைவி வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. ஐந்து கிலோமீற்றர் நடந்தும் யாரோ ஒருவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறியும் வந்திருக்கிறாள். கால்கள் முழங்கால் வரை செம்மண். வலது காதில் சிறிய தோடு ஒன்று இருந்தது. இடது காதுச் சோணை நடுவில் கிழிந்து, கறுத்த நூலால் மூன்று தையல் போட்டிருந்தார்கள். தையலைச் சுற்றிய வீக்கம் இன்னும் வற்றவில்லை. பிள்ளை அந்தக் காதைத் தொடக் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் தலையை மறுபக்கம் சாய்த்தாள். பழகிப்போன சாய்ப்பு அது.

கழகத்தின் செயலாளர் என்பதால் நேராக என்னிடம் வந்தாள். அவள் முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. "அண்ணா, என்னுடைய வங்கிப் புத்தகம் அவருடைய பையில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துத் தாருங்கள்" என்றாள். அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்காகக் கணக்குத் திறந்த புத்தகம். அவளுடைய பெயரில் உள்ளது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆட்டம் முடியட்டும், தங்கச்சி."

அவள் அந்த மரத்தடியிலேயே நின்றாள். இரண்டாம் பாதி முழுவதும் நின்றாள். இருபது நிமிடம் போன பிறகு அவன் இரண்டு பேரை வெட்டி உள்ளே வந்து, கோல் காப்பாளரின் வலது கைப் பக்கத்தால் பந்தை அனுப்பினான். பந்து வலையில் பட்ட இடம் அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடி இருக்கும். பிள்ளை அப்பாவைக் கண்டு கை தட்டியது. அவன் அவர்கள் நின்ற பக்கம் பாராமல் மூலைக் கொடியை நோக்கி ஓடினான். நாங்கள் எல்லோரும் அவன் மேல் போய் விழுந்தோம். வென்றோம்.

ஆட்டம் முடிந்த பிறகு அவனுடைய பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "நீ வீட்டுக்குப் போம்மா, நான் அவனுடன் பேசுகிறேன்" என்று சொன்னேன். பேசவில்லை. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம் இருந்தது.

அந்தக் காதை அன்று பார்த்தவர்கள் குறைந்தது ஐம்பது பேர். ஒழுக்கத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு முந்திய வருடம் இடது ஓரத்தில் ஆடிய 19 வயதுப் பையன் ஒருவன் தலைமயிருக்குப் பொன்னிறச் சாயம் பூசி, காதில் ஒரு பொட்டுத் தோடும் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தான். நிர்வாகக் குழு கூடியது. கழகத்தின் பெயர் கெடுகிறது, சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். "ஒழுக்கக் குறைவு காரணமாக" அவனை அந்தப் பருவத்துக்கு நிறுத்துவதாகக் கடிதம் எழுதினோம். எழுதியவன் நான். கீழே இருப்பது என்னுடைய கையெழுத்து. அவன் மறுபேச்சுப் பேசாமல் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இப்போது கொழும்பில் மாபிள் பதிக்கும் வேலை செய்கிறான்.

நாங்கள் ஒழுக்கம் என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? மயிரின் நிறம், உடம்பில் குத்திய பச்சை, ஒரு குவளை மது, இரவு விடுதியின் வாசல். தன் உடம்போடு ஒருவன் செய்வதெல்லாம் எங்களுக்கு ஊர் விஷயம். அடுத்தவளின் உடம்புக்கு அவன் செய்வது மட்டும் சொந்த விஷயம். ரஷ்போர்ட்டுக்கு மூன்று நாள், ரொபின்ஹோவுக்கு அரை மணி நேரம். பொன்னிறத் தலைக்கு ஒரு கடிதம், கிழிந்த காதுக்கு ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கு எனக்கு அன்று கடையில்தான், குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதுவரை நான் அதைக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

மரடோனாவைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. தபால்கார ஐயாவுக்கு மரடோனா கடவுள். 1991இல் போதைப்பொருள் பரிசோதனையில் அகப்பட்டு 15 மாதத் தடை வாங்கியதும், 1994 உலகக்கிண்ணத்திலிருந்து எபிட்ரின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டதும் ஐயாவின் அன்பைக் குறைக்கவில்லை. "அவன் கெடுத்தது தன்னைத்தான்" என்பார். இந்த இடத்தில் நானும் அவரோடு உடன்படுகிறேன். போதையில் அழிந்துபோகும் மனிதனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை; கசிப்புச் சாராயத்தால் அழிந்த வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் 1986இல் நேபிள்ஸில் பிறந்த அந்த மகனை என்ன செய்வது? மரடோனா மரபணுப் பரிசோதனைக்கு வர மறுத்தார். இத்தாலிய நீதிமன்றம் 1993இல் அவர்தான் தகப்பன் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் பல வருடம் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. இங்கே கெட்டது வேறொரு உயிர். இதை நான் சொன்னால் ஐயா வெற்றிலைப் பையைத் திறந்து பாக்குத் தேடத் தொடங்கிவிடுவார்.

2020 நவம்பர் 25ஆம் திகதி மரடோனா இறந்தார். உலகம் முழுவதும் மைதானங்களில் ஒரு நிமிட மௌனம். அந்த வாரம் ஸ்பெயினில் இரண்டு பெண்கள் அணிகளின் சினேகபூர்வ ஆட்டம் ஒன்று. எல்லோரும் வரிசையில் எழுந்து நின்றார்கள். பவுலா தபேனா என்ற வீராங்கனை மட்டும் புல்லில் இருந்தாள், வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினம். அடிபட்டுச் செத்த பெண்களுக்கு அன்று ஒரு நிமிடம் ஒதுக்காதவர்கள், பெண்களை வதைத்தவருக்கு ஒதுக்குகிறார்கள் என்பது அவளுடைய வாதம். பெரிய அணி அல்ல அவளுடையது. அந்த ஆட்டத்தில் 10-0 என்று தோற்றார்கள். கொலை மிரட்டல்களும் வந்தன.

இந்தக் கதையை ஐயாவிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "மரடோனாவுக்குத்தான் முதுகைக் காட்டினாளா?" என்று கேட்டார். ஆம் என்றேன். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, "அத்தனை பேர் நிற்கும்போது ஒருத்தி இருப்பதென்றால்..." என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார்.

அதன் பிறகுதான் பத்தாம் இலக்கக்காரனின் மனைவியைப் பார்க்க அவளுடைய தாய் வீட்டுக்குப் போனேன். ஓகஸ்ட் ஆட்டம் முடிந்து ஒன்பது மாதம். முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். காது ஆறியிருந்தது, ஆனால் சோணை இரண்டாகவே பிரிந்து நின்றது. கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. அன்று பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது பிழை என்று சொன்னேன்.

"நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்தானே, அண்ணா?" என்று கேட்டாள்.

"பார்த்தோம்."

"மைதானத்துக்கு வந்து மானத்தை வாங்கிவிட்டேன் என்று அன்று இரவும் அடித்தார். நீங்கள் வென்ற அன்றுதான்." குரலை உயர்த்தாமல், நெல்லைக் கிளறுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

எங்கள் கழகம் செய்யாததை அவளே செய்திருந்தாள். பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய், அவருடைய உதவியோடு நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை எடுத்திருந்தாள். அந்தக் கட்டளை 12 மாதம் வரைதான் செல்லும். அந்தச் சட்டம் எங்கள் நாட்டில் இருபது வருடமாக இருக்கிறது என்பதை எங்கள் கடையில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஓஃப்சைட் விதியில் வந்த ஒவ்வொரு மாற்றமும் எங்களுக்குத் தெரியும்.

கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணையைக் கொண்டுவந்தேன். பத்தாம் இலக்கக்காரனை இந்தப் பருவம் முழுவதும் நிறுத்த வேண்டும், நீதிமன்றக் கட்டளையை அவன் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் திரும்பச் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. குடும்பச் சண்டையில் கழகம் தலையிடுவதா என்று கேட்டார்கள். நான் எதிர்பாராதது கனடாவிலிருந்து வந்த அழைப்பு. எங்களுக்கு ஜேர்சியும் காலணியும் வாங்கித் தரும் அண்ணர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். அவருடைய முதல் கேள்வி: "அவன் இல்லாமல் கிண்ணம் எடுப்பீர்களா, தம்பி?" எனக்கு அப்போது சாந்தோஸ் கழகம் நினைவுக்கு வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்த 2020 ஒக்டோபரில் ரொபின்ஹோவைத் திரும்பச் சேர்த்தவர்கள் அவர்கள். விளம்பரதாரர்கள் விலகுவோம் என்று சொன்ன பிறகுதான் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். அங்கே பணம் கொடுத்தவர்கள் கழகத்தைத் தடுத்தார்கள். அண்ணருக்கு அந்தக் காதைப் பற்றிச் சொன்னேன். மூன்று தையல், கறுத்த நூல், வேப்பமரம், வங்கிப் புத்தகம், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். தொலைபேசியில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, ஜேர்சி அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவனும் கூட்டத்துக்கு வந்திருந்தான். பின்வரிசையில் இருந்து, "அண்ணை, நான் இந்தக் கழகத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்" என்று மட்டும் கேட்டான். உண்மை. நிறையச் செய்திருக்கிறான். அவனுடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 2010இல் ஒன்பது வயதுப் பையனாக அந்த ஜெனரேற்றர் வெளிச்சத்தில் என் காலடியில் இருந்து ரொபின்ஹோவின் கோலைப் பார்த்தவன் அவன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தகப்பனை இழந்தவன். அந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை. ஆனால் அவனுடைய காலால் நாங்கள் வென்ற எந்தக் கிண்ணமும் அந்தக் காதைத் தைக்கப் போவதில்லை.

கையை உயர்த்தி வாக்களித்தோம். ஆதரவாக 13, எதிராக 11. தபால்கார ஐயாவின் கை உயரச் சற்றுத் தாமதமானது, ஆனால் உயர்ந்தது. அறிக்கைப் புத்தகத்தில் "ஒழுக்கக் குறைவு காரணமாக" என்று எழுதினேன். அதே சொற்கள்தான். அதே பக்கத்தில், 2022இல் இடது ஓரப் பையனுக்கு எழுதிய கடிதம் மீளப் பெறப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டேன்.

பருவத்தின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றோம். நடுக்களத்தில் பந்தை வைத்திருக்க ஆளில்லை. அன்று மாலை கடையில் நான் போய் இருந்ததும் வாங்கின் மறு பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். மாமா வழக்கம் போல் சீனி குறைத்து ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த ஆட்டம் வருகிற ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு. இடது ஓரப் பையனைத் தொலைபேசியில் அழைத்தேன். சனி இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து ஏறி விடியற்காலை மாங்குளம் சந்தியில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறான். யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போக முடியுமா, அண்ணை, என்று கேட்டான். நானே வருகிறேன் என்றேன். தலைமயிர் இப்போது என்ன நிறம் என்று கேட்கவில்லை.